கம்பத்து ஓரத்தில் ஊதாக் கோடு: படத்தில் கலர் அடிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து பேர் கேமராவைத் தூக்கிக்கொண்டு விடியுமுன் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போவோம். மீன் ஏலம் முடிந்து, வெயில் ஏறி, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பின்திரையில் படத்தைப் பெருக்கிப் பார்க்கும்போதுதான் அந்தக் கேள்வி வரும்: "அண்ணே, இங்க பாருங்க, கம்பத்து ஓரமா ஊதாவா ஒரு கோடு. லென்ஸ் போயிடுச்சா?"

பெரும்பாலும் போயிருக்காது. ஆனால் "ஊதாக் கோடு" என்று எல்லாரும் ஒரே பெயரில் சொல்வது நாலைந்து வேறு வேறு கோளாறுகள். ஒன்றுக்கான மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்தால் பலிக்காது. டீக்கடையில் திரும்பத் திரும்பச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்தக் கலர் ஓரம் எப்படி வருகிறது?

ஆண்டர்சன் தெருப் பக்கம் கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுத்து, அச்சகத்தில் நின்று புரூஃப் பார்த்திருக்கிறீர்களா? ஒவ்வொரு மையும் தனித்தனியாக, ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். ஒரு தகடு மயிரிழை நகர்ந்தாலும் பிள்ளையார் படத்தின் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமும் பிதுங்கி நிற்கும். "ரிஜிஸ்டர் அவுட்" என்பார்கள். லென்ஸுக்குள் நடப்பதும் கிட்டத்தட்ட அதுதான். கண்ணாடி வழியாகப் போகும் ஒளியில் ஊதா அதிகம் வளையும், சிவப்பு குறைவாக வளையும். பள்ளிக்கூடத்தில் முப்பட்டகத்தை வைத்துக் காட்டிய அதே நிறப்பிரிகை. அதனால் ஒரே காட்சியின் சிவப்புப் படம், பச்சைப் படம், நீலப் படம் மூன்றும் சென்சார்மேல் அச்சுப் பிசகாமல் ஒன்றின்மேல் ஒன்று உட்காருவதில்லை.

பாடப்புத்தகம் இதை நிறப்பிறழ்ச்சி என்கிறது. எங்கள் தொழிலில் சி.ஏ. (குரோமாட்டிக் அபெரேஷன்) என்பார்கள், ஃபிரிஞ்சிங் என்பார்கள். அவசரத்துக்கு "கலர் அடிக்குது".

இதைக் கேமரா இல்லாமலே பார்க்கலாம். பவர் கூடுதலான மூக்குக்கண்ணாடி போட்டிருந்தால், தலையைத் திருப்பி, கண்ணாடியின் ஓரம் வழியாக டியூப்லைட்டைப் பாருங்கள். ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் ஆரஞ்சும் தெரியும். பாலிகார்பனேட் கண்ணாடியில் இன்னும் நன்றாகத் தெரியும்.

எனக்கு வந்திருப்பது எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

படத்தை நூறு சதவீதத்தில் திறந்துகொண்டு மூன்று இடம் பாருங்கள்.

முதலில், கோடு எங்கே இருக்கிறது? நடுவில் ஒன்றுமே இல்லாமல் மூலைக்குப் போகப் போகத் தடித்தால் அது பக்கவாட்டு நிறப்பிறழ்ச்சி. நீலப் படமும் சிவப்புப் படமும் அளவில் கொஞ்சம் பெரிதும் சிறிதுமாக விழுவதால் வருவது. படத்தின் நடுவிலும் இருந்தால் அது வேறு, அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

அடுத்து, ஒரு பொருளின் இரண்டு பக்கத்தையும் பாருங்கள். ஒரு பக்கம் சிவப்பு, எதிர்ப்பக்கம் நீலப்பச்சை என்று ஜோடியாக இருந்தால் பக்கவாட்டு வகை. சுற்றிலும் ஒரே ஊதாவாக இருந்தால் குவியம் சம்பந்தப்பட்டது.

கடைசியாக, அந்தப் பொருள் போகஸில் இருக்கிறதா, முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா? முன்னால் மெஜந்தா, பின்னால் பச்சை என்று நிறம் மாறினால் சந்தேகமே வேண்டாம், நீளவாட்டு நிறப்பிறழ்ச்சி. நிறத்துக்கு நிறம் போகஸ் ஆகும் தூரமே வேறுபடுவதால் வருவது.

இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமா? போட்டோஷாப்பிலோ கிம்ப்பிலோ சிவப்பு, பச்சை, நீலம் என்று சானலை ஒவ்வொன்றாக மட்டும் காட்டச் சொல்லி மாற்றி மாற்றிப் பாருங்கள். கம்பம் இடம் மாறிக் குதித்தால் பக்கவாட்டு வகை. அதே இடத்தில் நின்றபடி ஒரு சானலில் மட்டும் கலங்கித் தெரிந்தால் நீளவாட்டு வகை. எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை இது. ஒரு நிமிடம்கூட ஆகாது, வாக்குவாதமும் முடிந்துவிடும்.

விடியலில் எடுத்த படகுப் படத்தில் கம்பம், கயிறு எல்லாமே ஊதாவாக இருக்கிறது. 50 மி.மீ. 1.8 லென்ஸ். என்ன செய்வது?

காசிமேட்டில் அதிகம் வரும் புகார் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் கரையோடு கரையாக நெருக்கியடித்து நிற்கும். கம்பங்கள், ஆன்டெனா, கொடி, கயிறு என்று வானம் முழுக்கக் கிறுக்கல். அப்படி ஒரு காலையில் கூட வந்த தம்பி ஒருவர் எடுத்த படம். பின்னால் வானம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருக்கிறது. கயிறு ஒவ்வொன்றிலும் ஊதா மை தடவியதுபோல் ஓரம்.

"நகராதே, அதே இடத்தில் நின்று இன்னும் மூன்று எடு" என்றேன். எஃப் 1.8-ல், அதாவது லென்ஸின் துவாரமான அப்பர்ச்சர் முழுக்கத் திறந்திருக்கும்போது, அவருடைய ஷட்டர் 1/4000 இருந்தது. எஃப் எண் கூடக் கூடத் துவாரம் சுருங்கும். எஃப் 2.8-ல் ஊதா மெலிந்தது. எஃப் 4-ல் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. எஃப் 5.6-க்கு வந்தபோது ஷட்டர் 1/400. கை நடுங்கினாலும் தாங்குகிற வேகம். ஊதா போயேபோய்விட்டது. கரையில் நிற்கும் படகை எஃப் 1.8-ல் எடுக்க அவருக்கு எந்தக் காரணமும் இருக்கவில்லை. புது லென்ஸ் வாங்கிய ஆசை, அவ்வளவுதான். எல்லாருக்கும் இருந்ததுதான், எனக்கும்.

காரணம் இது: பச்சை ஒளி புள்ளியாகக் குவியும் இடத்தில் ஊதா ஒளி இன்னும் குவியாமல் சின்ன வட்டமாகப் பரவிக் கிடக்கும். அப்பர்ச்சரைச் சுருக்கினால் ஒளிக்கூம்பு ஒல்லியாகும், அந்த வட்டமும் சுருங்கும். இதில் எக்ஸ்போஷருக்கும் பங்கு உண்டு. அந்த ஊதா வட்டம் மங்கலானது. வானம் அளவோடு இருந்தால் கண்ணுக்கே தெரியாது. வானம் வெளுத்து நிரம்பி வழிந்தால்தான் அதன் விளிம்பில் பச்சை இறங்கிய பிறகும் நீலமும் சிவப்பும் மிச்சமிருந்து ஊதாவாகத் தெரியும். ஆகவே எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் 0.7, தேவைப்பட்டால் மைனஸ் 1 வைத்துப் படத்தைக் கொஞ்சம் இருட்டாக்கி, ரா ஃபைலில் (சென்சார் பதிந்ததைச் சுருக்காமல் வைக்கும் கோப்பு) எடுங்கள். இருட்டை அப்புறம் தூக்கிக்கொள்ளலாம்.

இன்னொரு வழிக்குக் காசே வேண்டாம். கடல் நமக்குக் கிழக்கே. காலையில் கரையிலிருந்து கடலைப் பார்த்து எடுப்பது என்றாலே எதிர்வெளிச்சம்தான். மாலை நாலரைக்கு வாருங்கள், சூரியன் உங்கள் முதுகில் இருக்கும். படகின் நீலமும் பச்சையும் அப்போதுதான் நிறமாகவே தெரியும். காலையிலேயே எடுத்தாக வேண்டுமென்றால் இரண்டடி நகர்ந்து, கம்பத்துக்குப் பின்னால் வானம் வராமல் இன்னொரு படகின் உடம்பு வரும்படி நில்லுங்கள்.

போர்ட்ரைட்டில் கண் சுத்தமாக இருக்கிறது, நகை மட்டும் கலர் அடிக்கிறதே?

நீளவாட்டு வகைக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. 85 மி.மீ. லென்ஸைத் திறந்து வைத்துக் கண்ணில் போகஸ் செய்கிறீர்கள். மூக்குத்தி கண்ணைவிடக் கேமராவுக்கு நெருக்கம், அதன் மினுக்கில் மெஜந்தா. ஜிமிக்கி கண்ணுக்குப் பின்னால், அதில் பச்சை. ஒரே முகத்தில் இரண்டும். எஃப் 2.8-க்கு மேல் போனால் பெரிதும் அடங்கும். முகத்தைக் கேமராவுக்கு நேராகத் திருப்பாமல் கொஞ்சம் பக்கவாட்டில் வைத்தால், அந்தப் பக்கத்து ஜிமிக்கியும் கண்ணும் ஏறக்குறைய ஒரே தூரத்துக்கு வரும். நகைக்கடை வேலை என்றால் அப்பர்ச்சரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், எஃப் 8-க்குக் குறையாதீர்கள்.

எண்ணூரில் எடுத்த படத்தில் மின்கம்பிகள் மூலையில் சிவப்பும் பச்சையுமாக இரட்டையாகத் தெரிகின்றன. எஃப் 11 வைத்தும் போகவில்லை.

போகாது. முகத்துவாரத்தில் நின்று 18-55 கிட் லென்ஸை 18-ல் வைத்து, கழிமுகம், மின்கோபுரம், தூரத்துப் புகைபோக்கி எல்லாவற்றையும் ஒரே படத்தில் அடைத்தால் மூலையில் கம்பி இரட்டிக்கத்தான் செய்யும். இது பக்கவாட்டு வகை. அப்பர்ச்சரைச் சுருக்கினால் மற்றதெல்லாம் கூர்மையாகி, இந்தக் கோடு இன்னும் எடுப்பாகத் தெரியும்.

ஆனால் நான் மிகக் குறைவாகக் கவலைப்படுவது இந்த வகைக்குத்தான். மூன்று சானல்களின் அளவைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்தால் அச்சு மறுபடி ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்துவிடும். லைட்ரூமில் லென்ஸ் கரெக்‌ஷன்ஸ் பகுதியில் "ரிமூவ் குரோமாட்டிக் அபெரேஷன்" என்ற பெட்டியில் ஒரு டிக். ஜேபெக்கில் எடுப்பவர்களுக்கு இன்றைய கேமராக்களில் பெரும்பாலானவை தாமே திருத்திவிடும், மெனுவில் அந்தத் திருத்தம் ஆனில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. திருத்தம் முதலில், வெட்டுவது பிறகு. இந்தக் கணக்கு முழுவதும் படத்தின் நடுப்புள்ளியை வைத்துத்தான். மூலையை மட்டும் வெட்டி, ஜேபெக்காகச் சேமித்து, அதை மென்பொருளிடம் கொடுத்தால் அதற்கு உண்மையான நடு எது என்று தெரியாது. பனோரமா தைப்பவர்களும் அப்படித்தான், ஒவ்வொரு படத்தையும் திருத்திவிட்டுத் தையுங்கள்.

இத்தனை விலை கொடுத்து வாங்குகிறோம். லென்ஸ் செய்பவர்களே இதைச் சரிசெய்யக் கூடாதா?

செய்துகொண்டுதான் இருக்கிறார்கள், இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக. நியூட்டன் இதற்குத் தீர்வே இல்லை என்ற முடிவுக்கு வந்து, லென்ஸை விட்டுவிட்டு 1668-ல் ஆடி வைத்த தொலைநோக்கியைச் செய்தார். ஆடியில் பட்டுத் திரும்பும் ஒளி நிறம் பிரிவதில்லை. நியூட்டன் நினைத்தது தவறு என்று பிறகு தெரிந்தது. கிரவுன் கண்ணாடி, ஃபிளின்ட் கண்ணாடி என்று நிறத்தைப் பிரிக்கும் அளவில் வேறுபட்ட இரண்டைச் சேர்த்தால் ஒன்று பிரித்ததை மற்றொன்று கூட்டிவிடும். செஸ்டர் மூர் ஹால் அதை முதலில் கண்டார், ஜான் டாலண்ட் 1758-ல் காப்புரிமை வாங்கினார். நம் ஊருக்கும் அது சீக்கிரமே வந்துவிட்டது. வில்லியம் பெட்ரி 1786-ல் எழும்பூரில் வைத்த வானாய்வகத்தில் அப்படி நிறம் திருத்திய 3 அங்குலத் தொலைநோக்கிகள் இருந்தன.

இரண்டு கண்ணாடி சேர்த்தால் இரண்டு நிறங்கள் ஒரே இடத்தில் குவியும். மூன்றாவது நிறம் கொஞ்சம் விலகி நிற்கும். அந்த மிச்சம்தான் உங்கள் ஊதா. அதையும் அடக்க ஃபுளோரைட், குறைந்த நிறப்பிரிகைக் கண்ணாடி என்று போகவேண்டும். கண்ணாடி எவ்வளவு குறைவாக நிறம் பிரிக்கிறது என்பதற்கு அபே எண் என்று ஒரு அளவு உண்டு. சாதாரண கிரவுன் கண்ணாடிக்குச் சுமார் 60, ஃபிளின்ட்டுக்கு 36 பக்கம், ஃபுளோரைட்டுக்கு 95. ஃபுளோரைட் படிகத்தை வளர்ப்பதும் மெருகேற்றுவதும் சிரமம், விலை அங்கேதான் ஏறுகிறது. லென்ஸ்மேல் ஈ.டி., ஏ.பி.ஓ. என்றெல்லாம் எழுதியிருப்பது இந்தக் கதைதான். அந்த எழுத்து இருந்தால் கலர் ஓரமே வராது என்று நினைக்காதீர்கள். குறையும்.

யூ.வி. ஃபில்டர் போட்டால் ஊதா போகுமா?

போகாது. நீங்கள் பார்க்கும் ஊதா கண்ணுக்குத் தெரிகிற ஒளி, சுமார் 400 நானோமீட்டரை ஒட்டியது. சாதாரண யூ.வி. ஃபில்டர் அதை விட்டுவிடும். மலிவான ஃபில்டர் என்றால் எதிர்வெளிச்சத்தில் பேய்போல் ஒரு பிரதிபலிப்பும் சேரும். காசிமேட்டு உப்புக்காற்றுக்கும் மீன் தண்ணீர்த் தெறிப்புக்கும் காவலாகப் போடுங்கள், அதற்கு நல்லது.

கலர் ஓரம் இடது பக்கம் மட்டும் தடிமனாக இருக்கிறது. வலது பக்கம் இல்லை.

இப்போதுதான் லென்ஸைச் சந்தேகப்படவேண்டும். நல்ல லென்ஸில் பக்கவாட்டு வகை நாலு மூலையிலும் ஒரே அளவாக இருக்கும். ஒரு பக்கம் சாய்ந்தால் உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி மையம் விலகியிருக்கிறது. விழுந்திருக்கலாம், யாராவது திறந்து மூடியிருக்கலாம்.

சொந்த அனுபவம் ஒன்று. பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் பழைய ஜூம் ஒன்று வாங்கினேன். கடையிலேயே நாலு படம் எடுத்துப் பார்த்தேன், நடுவில் மட்டும். அதுதான் தப்பு. மறுநாள் ராயபுரம் ரயில் நிலையத்துக்கு எதிரே நின்று அதன் தூண்களை எடுத்தேன். 1856-ல் திறந்த கட்டடம், வெயில் பட்ட தூணும் அதன் பின்னால் இருட்டுமாகச் சோதனைக்கென்றே கட்டியதுபோல் இருக்கும். இடப்பக்கக் கடைசித் தூண்களில் சிவப்பு வழிந்தது, வலப்பக்கம் சுத்தம். கேமராவைத் தலைகீழாகப் பிடித்து மறுபடி எடுத்தேன். சிவப்பு வலப்பக்கத் தூண்களுக்கு மாறிவிட்டது. வெயிலில் குற்றமில்லை, தூணில் குற்றமில்லை. கடைக்காரரோ "சார், அது கேமரா செட்டிங்" என்று சொல்லி முடித்துவிட்டார். அந்த லென்ஸ் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பொருளை நடுவில் வைத்து எடுக்கும்போது மட்டும் வெளியே வரும்.

பழைய லென்ஸ் வாங்கும்போது நாலு மூலையையும் பாருங்கள். கடை வாசலில் எதிர்க் கட்டடத்தின் ஜன்னல் கம்பி போதும்.

லைட்ரூமில் டிஃப்ரிஞ்ச் போட்டால் எல்லாம் போய்விடுமே, பிறகு என்ன கவலை?

இங்கேதான் நான் ஒரு கல்யாண ஆல்பத்தையே கெடுத்தேன். டிஃப்ரிஞ்ச் செய்வது பக்கவாட்டுத் திருத்தம்போல் அச்சைச் சேர்ப்பதில்லை. விளிம்பில் ஊதா அல்லது பச்சை எங்கே கண்டாலும் அந்த நிறத்தை உறிஞ்சி எடுத்துவிடும். அது லென்ஸ் போட்ட ஊதாவா, நெசவாளர் போட்ட ஊதாவா என்று அதற்குத் தெரியாது.

தண்டையார்பேட்டையில் ஒரு முகூர்த்தம். ஜன்னல் அவர்கள் முதுகுக்குப் பின்னால் வரும்படி எடுத்திருந்ததால் தலைமுடி ஓரமெல்லாம் ஊதா. பர்ப்பிள் அமவுண்ட் 20 வரை போகும், நான் 12 வைத்து நூற்றுக்கணக்கான படங்களுக்கும் மொத்தமாக ஒட்டிவிட்டேன். பெண்ணின் அம்மா கட்டியிருந்தது கத்திரிப்பூ நிறப் பட்டு. கரிஷ்மா ஆல்பம் அச்சாகி வந்து, பக்கம் புரட்டிய அந்த அம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "என்ன தம்பி, என் புடவை மடிப்பெல்லாம் சாம்பல் பூத்த மாதிரி இருக்கு?" ஒவ்வொரு மடிப்பு விளிம்பிலும் நிறம் செத்திருந்தது. எட்டுத் தாள்களை என் செலவில் மறுபடி அடித்துக் கொடுத்தேன்.

அதன்பிறகு என் வழக்கம் இது. முதலில் பக்கவாட்டு டிக். மிச்சமிருந்தால் டிஃப்ரிஞ்சில் உள்ள சொட்டுக்குழாயை எடுத்து, கோட்டின்மேல் நேராக ஒரு கிளிக். எந்த ஊதா என்று அதுவே ஹியூ (நிறச்சாயல்) எல்லையைக் குறுக்கிக்கொள்ளும். அமவுண்ட் மூன்று நாலில் ஆரம்பித்து, கோடு மறைந்த இடத்தில் நிறுத்துவேன். படத்தில் ஊதாப் பட்டோ, செவ்வந்தியோ, டிசம்பர் பூவோ இருந்தால் மொத்தமாகப் போடமாட்டேன், பிரஷ் எடுத்துக் கோடு உள்ள இடத்தில் மட்டும் தடவுவேன். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு ஸ்லைடரை நகர்த்தினால் எந்த இடமெல்லாம் மாட்டுகிறது என்று திரையிலேயே காட்டும். அதை அன்றைக்கே பார்த்திருந்தால் எட்டுத் தாள் மிச்சம்.

காசு கொடுக்காமல் கிடைக்கும் மென்பொருளில் முடியுமா?

முடியும். டார்க்டேபிளிலும் ராதெரபியிலும் இரண்டு வகைக்குமே கருவி இருக்கிறது. ராதெரபியின் ரா பகுதியில் தானியங்கித் திருத்தம் என் அனுபவத்தில் நன்றாகவே வேலை செய்கிறது. கையில் ஜேபெக் மட்டும்தான் என்றால் கிம்ப்பில் ஒரு பழைய வித்தை: லேயரை நகல் எடுத்து, காசியன் பிளர் கொடுத்து, பிளெண்ட் மோடைக் கலர் என்று வைத்து, மாஸ்க் போட்டுக் கோட்டின்மேல் மட்டும் தெரியவிடுங்கள். நிறம் மட்டும் கரைந்துபோகும், கூர்மை அப்படியே இருக்கும். மெல்லிய கோட்டுக்குத்தான் இது, தடித்த கோட்டுக்குப் பக்கத்து நிறம் வழிந்து அசிங்கமாகிவிடும்.

மொபைலில் எடுத்த படத்திலும் வருகிறதே?

மொபைல் உள்ளுக்குள்ளேயே நிறைய திருத்திவிடுகிறது, அதனால் குறைவு. வந்தால் முதலில் லென்ஸைத் துடையுங்கள். மீன் மார்க்கெட்டில் சுற்றிய கைவிரல் எண்ணெய் விளக்கொளியை இழுத்துக் கலர் பூசும். மேலே மாட்டும் கிளிப் லென்ஸ் வைத்திருந்தால் கழற்றிவிடுங்கள். ஒற்றைக் கண்ணாடியாக இருக்கும் மலிவு வகையில் மூலை முழுக்க வானவில்தான்.

அடுத்து, வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பெருக்கிப் பார்த்து லென்ஸைத் திட்டாதீர்கள். ஜேபெக் சுருக்கத்தில் வெளிச்சத்தைவிட நிறத்தைக் குறைந்த நுணுக்கத்தில்தான் சேமிக்கிறார்கள். சிவப்புக் கொடி வானத்துக்குள் கசிந்ததுபோல் தெரிவது அதனால். மூலப்படத்தை டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லிப் பாருங்கள்.

கல்யாண மண்டபத்தில் எல்.இ.டி. விளக்குகளைச் சுற்றி நீல ஊதா வழிகிறது. லென்ஸ் மாற்ற வேண்டுமா?

வேண்டாம். நீல எல்.இ.டி. ஒளி 450 நானோமீட்டர் பக்கம் ஒரே இடத்தில் குவிந்து அடிக்கும். மீட்டர் "எல்லாம் சரி" என்று சொல்லும்போதே நீல சானல் மட்டும் நிரம்பி வழிந்திருக்கும். ஹிஸ்டோகிராமில் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும் வகையை வைத்துக்கொள்ளுங்கள், நீலம் வலது சுவரில் முட்டினால் எக்ஸ்போஷரைக் குறையுங்கள். விளக்குப் போடும் தம்பியிடம் தாலி கட்டும் நேரத்துக்கு மட்டும் நீலத்தை அணைக்கச் சொன்னால் இன்னும் நல்லது. ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் செய்வார்.

மூக்கு நிழல் ஒரு பக்கம் சிவப்பும் ஒரு பக்கம் நீலமுமாக இருப்பதை இதோடு குழப்பாதீர்கள். அது இரண்டு நிற விளக்குகளின் உண்மையான நிழல்.

மீன் வலையில் வானவில்போல் அலை அலையாக நிறம் தெரிகிறது.

இது லென்ஸ் குற்றமே இல்லை, சென்சாரின் கணக்கு. ஒவ்வொரு பிக்சலும் ஒரு நிறத்தை மட்டும்தான் பார்க்கிறது. நாலு பிக்சலுக்கு இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம். கோடாக்கில் பிரைஸ் பேயர் அமைத்த ஏற்பாடு, 1976-ல் காப்புரிமை பெற்றது. மிச்ச நிறத்தைப் பக்கத்துப் பிக்சலைப் பார்த்துக் கேமரா ஊகித்துக்கொள்கிறது. வலைக்கண் பிக்சல் அளவுக்குப் பொடியாகும்போது அந்த ஊகம் தப்பிப்போய், இல்லாத நிறத்தை எழுதிவிடும். கொசுவலை, ஜரிகை, கட்டம்போட்ட சட்டை எல்லாவற்றிலும் இதே கதை. லென்ஸ் கூர்மையாக இருப்பதால்தான் இது வருகிறது என்று ஆறுதல் கொள்ளலாம். ஓரடி முன்னால் போங்கள், அல்லது கோணத்தைக் கொஞ்சம் மாற்றுங்கள். மிச்சத்துக்கு லைட்ரூம் பிரஷ்ஷில் மோரே ஸ்லைடர், இந்த அலைக்கு அதுதான் பெயர்.

கறுப்பு வெள்ளையாக மாற்றிவிட்டால் தொல்லை விட்டதுதானே?

நிறம் போகும், கோடு போகாது. கம்பத்தைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு நிழல் நிற்கும், மூலையில் கம்பி தடித்துத் தெரியும். திருத்திவிட்டு மாற்றுங்கள்.

கடல் காற்றில் லென்ஸில் பூஞ்சை பிடித்தால் இப்படி வருமா?

பூஞ்சையால் படம் பனிமூட்டம் போட்டதுபோல் வெளுக்கும், விளக்கைச் சுற்றி ஒளி பரவும். நிறக் கோடு வராது. ஆனாலும் காசிமேட்டிலிருந்து வந்ததும் துடைத்து, சிலிகா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். இது வேறு தலைவலி.

பௌர்ணமி நிலா கடலிலிருந்து எழும்பும்போது எடுத்தேன். மேல் ஓரம் நீலப்பச்சை, கீழ் ஓரம் சிவப்பு. நிலா படத்தின் நடுவில்தான் இருக்கிறது. எந்த வகை இது?

எந்த வகையும் இல்லை, உங்கள் லென்ஸ்மேல் பழியும் இல்லை. அடிவானத்தை ஒட்டிய நிலவின் ஒளி தடித்த காற்றுப் படலத்தைச் சாய்வாகக் கடந்து வருகிறது. காற்றும் கண்ணாடிபோல் நிறத்தைப் பிரிக்கும். நீலம் கூடுதலாக வளைந்து நிலவின் நீலப் படம் கொஞ்சம் மேலேயும், சிவப்புப் படம் கொஞ்சம் கீழேயும் விழும். திருவொற்றியூர்க் கரையில் 300 மி.மீ. லென்ஸோடு நின்றாலே பிடித்துவிடலாம்.

சந்தேகமிருந்தால் கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி இன்னொன்று எடுங்கள். லென்ஸின் குற்றமென்றால் நிறமும் கேமராவோடு திரும்பும். காற்றின் வேலை என்றால் நீலம் வானத்துப் பக்கமும் சிவப்பு கடல் பக்கமும் அசையாமல் நிற்கும். ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டுவிட்டு, நிலா மேலேறியதும் மறுபடி எடுத்துப் பாருங்கள். ஓரம் மெலிந்திருக்கும். நான் அதைத் திருத்துவதில்லை.